வெள்ளை மாத்திரையின் தாகம்

ஈர நாயின் வாடை, அதோடு சூடான தேயிலையின் வாடை. இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்னும் ஆகாது. போன மழைக்கு ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கி நின்றேன். எங்கிருந்தோ ஒரு தெருநாய் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, கொதிக்கும் பாய்லருக்கு அடியில் சுருண்டது. அதன் முதுகிலிருந்து ஆவி எழுந்தது. கடைக்காரர் பழைய சக்கையைத் தட்டிவிட்டுப் புதுத் தூள் போட்டார். அவ்வளவுதான்.

"அந்த நாய அங்கேருந்து எழுப்புங்க. நெருப்புக்கிட்ட படுக்கக் கூடாது" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "குளிருக்குத்தானேம்மா படுத்திருக்கு."

ஆமாம். குளிருக்குத்தான். அன்றைக்கு நாங்களும் குளிருக்குத்தான் படுக்கவைத்தோம்.

கல்யாணமாகி டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு நான் வந்திருந்த புதிது. பிறந்தது கொட்டகலைப் பக்கம். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத்தான் போனேன், அதே தேயிலை, அதே மூடுபனி, அதே தகரக் கூரை. ஆனாலும் அந்த லயத்து வரிசை வீடுகளில் என் பெயரைச் சரியாக உச்சரிக்கிற ஒரு வாய் எனக்கு இல்லை. 'புதுப் பொண்ணு' என்றார்கள். 'கொட்டகலைக்காரி' என்றார்கள். மாமியார் 'அடியே' என்றார். புருஷன் 'புள்ள' என்பார், அதுவும் ஆள் இல்லாத நேரம் பார்த்து.

அப்படியிருக்கையில் ஒரு காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகக் கதவைத் திறக்கிறேன், வாசலில் கொட்டகலை வீட்டில் நாங்கள் வளர்த்த நாய். கல்யாண பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி வந்து, ஏதோ ஒரு வளைவில் காணாமல் போனது என்று எல்லாரும் விட்டுவிட்ட நாய். பாதமெல்லாம் வெடித்து, விலா எலும்பு தெரிய, எப்படி வழி கண்டுபிடித்ததென்று யாருக்கும் தெரியாது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து நான் அழுதேன். கல்யாணத்தன்று வராத அழுகை.

மாமியார் எட்டிப் பார்த்தார். "சீதனம் வந்து சேந்திருச்சு" என்றார். "நகையத்தான் போடல, நாயையாவது அனுப்பிருக்காங்க."

அதிலிருந்து நான் கொழுந்தெடுக்கப் போகும் மலைக்கெல்லாம் அது வந்தது. தேயிலை நிரைக்குள் நுழையாது. மேலே மழைத்தண்ணீர் ஓடும் கானோரம் படுத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அட்டை கடித்த காலைச் சொறிய நான் நிமிர்ந்தால் காதை ஆட்டும். அந்தக் காது ஆடினால் எனக்குக் கொட்டகலை தெரியும். என் அண்ணன் குரல் கேட்கும். வேறு எப்படிச் சொல்வது? ஒரு ஆளுக்கு ஒரு ஊர் மிஞ்சுவது சில சமயம் ஒரு நாயின் காதளவுதான்.

மத்தியானக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், அந்தக் கொட்டகை வாசலில், அது நடந்தது. நல்ல மழை. நான் கூடையைத் தராசில் மாட்ட வரிசையில் நிற்கிறேன். கொழுந்து லொறி பின்வாங்கியது. அதன் அடியில், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், மழை படாத காய்ந்த மண் ஒரு துண்டு இருந்தது, அதில்தான் நாய் படுத்திருந்தது. சத்தம் கூடப் பெரிதாக இல்லை. ஈரச் சாக்கைத் தரையில் போட்ட மாதிரி ஒரு சத்தம். டிரைவர் இறங்கி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

ரத்தம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கே காயம் என்று தேடினால் காயமே இல்லை. முன்காலை ஊன்றி என்னிடம் வரப் பார்த்தது. இடுப்புக்குக் கீழே அதோடு ஒட்டாத வேறொரு உடம்பு போலப் பின்பாதி தரையில் இழுபட்டது. வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு வெளுத்திருந்தது. காது, பாதம் எல்லாம் ஐஸ். கண் மட்டும் அகலத் திறந்து, என்னைப் பார்த்தும் பார்க்காமலும்.

"செத்துரும்" என்றாள் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள். திட்டிச் சொல்லவில்லை. மழை வருது என்பது போலச் சொன்னாள்.

என் புருஷனுக்கு ஸ்டோரில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். தூளைக் காய வைக்கும் பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. அந்த அடுப்பின் வாய்தான் எங்கள் தோட்டத்திலேயே சூடான இடம். எங்களுக்கு எந்த நோவுக்கும் முதல் வைத்தியமும் அதுதான். இழுப்பு வந்தவரை அங்கே உட்கார வைப்பார்கள். விறைத்துப்போன பிள்ளையை அங்கே தூக்கி வருவார்கள். மழையில் நனைந்து குளிர்சுரம் கண்டவர்கள், பிள்ளை பெற்று நடுக்கம் நிற்காதவர்கள், எல்லாருக்கும் அந்தக் கதகதப்புத்தான். அதனால் யாரும் யோசிக்கவில்லை. நாய் குளிர்ந்து போயிருக்கிறது, அப்படியானால் அடுப்பு. என் புருஷன் அதை ஒரு பலகையில் கிடத்தித் தூக்கிவந்து அடுப்பு வாய்க்கு நேரே வைத்தார். நான் சீனி போட்ட பிளேன்டியை, பால் விடாத தேநீரை, கரண்டியால் அதன் கடைவாயில் ஊற்றினேன். அது மறுபக்கமாக வழிந்தது.

கூட வேலை செய்தவர்கள் சுற்றி நின்றார்கள். "ஏன்டா, நாயையும் காயவச்சு சலிச்சா என்னா கிரேடுடா வரும்?" என்றான் ஒருவன்.

"கடைசி கிரேடு, டஸ்ட்டுதான்" என்றான் இன்னொருவன்.

சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும் போனது. நாயின் மூச்சு மாறிவிட்டது. நாக்கு வெளியே தொங்க, குட்டி குட்டியாக, மேலோட்டமாக இரைத்தது. சூடு ஏற ஏற அது தெளியும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவோ கண் முன்னாலேயே தூரம் தூரமாகப் போனது. ஈறில் மிச்சமிருந்த கொஞ்சச் சிவப்பும் போய்விட்டது. இடுப்பு வீக்கம், அடுப்படியில் வைத்த ரொட்டி மாவு போல, பொங்கி எழும்பியது. நெஞ்சில் கை வைத்தால் துடிப்பை எண்ண முடியவில்லை. ஒரு பூச்சியை உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்திருப்பது போல.

"இன்னும் கொஞ்சம் வெறகு தள்ளட்டுமா?" என்றார் என் புருஷன். அவர் முகத்திலும் வேர்வை, கண்ணிலும் வேர்வை. பாவம், அவருக்குத் தெரிந்த ஒரே நன்மை நெருப்புதான்.

அப்போது வாசலில் யாரோ சொன்னார்கள்: "பங்களாவுக்கு மாட்டு டாக்டரு வந்திருக்காரு. தொரையோட பசுவுக்குக் கன்னு மாட்டிக்கிச்சாம்."

பங்களாவுக்குள் எங்களைப் போன்றவர்கள் போக முடியாது. ஆனால் பங்களாவிலிருந்து எந்தக் காரும் ஸ்டோருக்கு மேல் வளைவில் திரும்பித்தான் இறங்க வேண்டும். பலகையோடு நாயைத் தூக்கிக்கொண்டு போய் அந்த வளைவின் நடு ரோட்டில் வைத்தோம். கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து அதன் மேல் போட்டேன். புருஷனை ஸ்டோருக்கு அனுப்பிவிட்டேன். அடுப்பு அணைந்தால் அவருக்கு வேலை போய்விடும். நான் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மழை விட்டு வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் என்னைக் கடந்து போனார்கள். ஒருத்தி நின்றாள். "அடி கொட்டகலைக்காரி, நாயிக்காக ரோட்டுல குந்துறியே, நாளைக்கு ஒனக்கு ஒண்ணுன்னா எவ குந்துவா?" என்றாள். எனக்கென்று அங்கே எவளும் குந்த மாட்டாள். அதனால்தான் குந்தியிருந்தேன்.

சின்னக் கறுப்புக் கார் வளைவில் வந்து நின்றது. ஹோர்ன் அடித்தது. நான் எழவில்லை. கண்ணாடி போட்ட ஒருவர் தலையை நீட்டினார். யாழ்ப்பாணத்துப் பேச்சு.

"ஆர் அது றோட்டுக்கு நடுவில? விலத்து பிள்ளை."

"வெலக மாட்டேங்க. இதப் பாத்துட்டுப் போங்க."

"நான் மாட்டுக்கு வந்தனான்."

"இதுக்கும் நாலு காலுதாங்க, ஐயா. ரெண்டு வேல செய்யல."

அவர் சிரிக்கவில்லை. இறங்கி வந்தார். சட்டைக் கையில் பசுவின் ரத்தம் காயாமல் இருந்தது. ரோட்டிலேயே முழங்கால் போட்டு, நாயின் உதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு விரலை எடுத்தார். அழுத்திய இடம் வெள்ளையாகவே இருந்தது. அது சிவக்கக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். தேயிலை மலை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்த மாதிரி எனக்கு. மெதுவாக, மிக மெதுவாக, ஒரு சாயம் திரும்பியது.

"எங்க வைச்சிருந்தனீங்கள்? ஒரு பக்கம் சுடுகுது, காது குளிருது."

"ஸ்டோருல, அடுப்புக்கிட்டங்க."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஆர் சொன்னது?"

"யாரும் சொல்லலங்க. எல்லாரையும் அங்கதாங்க வைப்போம்."

நாயின் இடுப்பு வீக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். "அடிபட்ட அதிர்ச்சியில உடம்புக்கு ரத்த ஓட்டம் விழுந்து போச்சு. இருதயத்துக்கும் மூளைக்கும் எண்டு உள்ளுக்க பிடிச்சு வைச்சிருந்த கொஞ்சத்தையும் நெருப்பு தோலுக்கு இழுத்துப் போட்டுது. வீக்கமும் கூடிட்டுது. ஒரு சாக்கால போர்த்தி விட்டிருந்தாலே காணும், பிள்ளை."

என் படங்குச் சாக்கைப் பார்த்தேன். நாள் முழுவதும் என் இடுப்பில்தான் கட்டியிருந்தது.

தோல் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பி எடுத்தார். அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் தூள். அதற்குள் தண்ணீர் மருந்தை விட்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினார். நாயின் முன்காலில் மயிரை வழித்து, என்னை மேலே இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். ரத்த நரம்பு எழவில்லை. ஊசி உள்ளே போனது, ரத்தம் வரவில்லை. எடுத்தார். மறுபடி. "வா, வா" என்று வாய்க்குள் முணுமுணுத்தார். பிறகு ஊசிக் குழாய்க்குள் ஒரு சிவப்பு இழை சுருண்டு வந்தது. அந்த இழையைப் போல அழகான ஒன்றை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. மருந்தை மெதுவாக இறக்கினார். தோளுக்கு மேல் தோலைத் தூக்கி உப்புத் தண்ணீரும் ஏற்றினார். அங்கே ஒரு முட்டை அளவு புடைத்தது.

"இது என்னா மருந்துங்க?"

"கோர்ட்டிசோன் சாதி. மனிசருக்கெண்டு வந்த மருந்து. வீக்கத்தை அடக்கும். அதிர்ச்சியில விழுந்த உடம்பைத் தூக்கிப் பிடிக்கும் எண்டும் சொல்லீனம். தூக்கினதையும் கண்டிருக்கிறன். தூக்காததையும் கண்டிருக்கிறன்."

"பின்கால் வருமாங்க?"

"முதுகுக்குள்ள போற நரம்பு அறுந்திருந்தா வராது. வீக்கம் நெரிச்சுக்கொண்டிருந்தா, வீக்கம் வத்த வரலாம். எது எண்டு எனக்குத் தெரியேல்லை. நாளைக்கும் தெரியாது. பலகையை விட்டு அசைக்காதை."

வெள்ளைச் சின்ன மாத்திரைகள் சிலதைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. பிறகு அரை. பிறகு கால். "சட்டெண்டு நிப்பாட்டிப்போடாதை. இந்த மருந்து உடம்புக்குப் பழகிப்போடும். கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்க வேணும். சரியான பசி வரும். தண்ணி விடாய்க்கும். மூத்திரம் கணக்கில்லாமல் போகும். பயப்பிடாதை, அது மருந்தின்ரை வேலை."

கார் இறங்கிப் போனது. நான் அந்தக் காகிதப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டேன், தாலியைத் தொட்டுப் பார்ப்பது போல அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

விடியும்போது நாய் உயிரோடிருந்தது. ஈறு சிவந்திருந்தது. காது வெதுவெதுப்பாக இருந்தது. ஆனால் பின்கால்கள் பலகையில் யாரோ மறந்து வைத்துவிட்டுப்போன இரண்டு பொருள் போலக் கிடந்தன.

எங்கள் காம்பரா ஒற்றை அறை. அதில் நாங்கள் மூன்று பேர், அடுப்பு, விறகு, இப்போது ஒரு பலகை. டாக்டர் சொன்னது எல்லாம் வந்தது. அவர் சொன்னதைவிட அதிகமாக வந்தது. அது தின்றது. எங்கள் ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் பார்த்தது. தண்ணீர் குடித்தது. ஒரு சட்டி, இன்னொரு சட்டி, கழுவ வைத்திருந்த தண்ணீர், சோறு வடித்த தண்ணீர். குடித்ததெல்லாம் பலகையில் இறங்கித் தரையில் ஓடி மாமியாரின் பாய்க்குப் போனது. நான் சாணி போட்டு மெழுகினேன். மறுபடி ஓடியது. மலைக்குப் போய்க் கொழுந்தெடுக்கும்போதும் என் காதில் அது நக்கி நக்கிக் குடிக்கும் சத்தம்.

மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரை எடுத்துவருவது மாமியாரின் வேலை. லயத்துக்குக் கீழே, வழுக்கும் படியில் இறங்கி ஏற வேண்டும்.

"ஒரு புள்ளத்தாச்சிக்குக்கூட நான் இவ்வளவு தண்ணி சொமக்கல" என்பார். "ஏன்டி, மாத்திர குடுத்தாரா, இல்ல கெணத்தையே குடுத்தாரா?"

"மருந்தோட வேலைங்க மாமி."

"ஒன் மருந்து குடிக்கிது, ஒன் மாமியா சொமக்கிறா. நல்ல வைத்தியம்." திட்டிக்கொண்டே வாளியை எடுத்துக்கொண்டு இறங்குவார். திட்டு நிற்கவில்லை. வாளியும் நிற்கவில்லை.

வீக்கம் வற்றத் தொடங்கியது. தினமும் கையால் அளந்தேன். விரல்களுக்கு அடியில் இடுப்பெலும்பு மறுபடி எழுந்து வந்தது, வெள்ளம் வடிந்து கல் தெரிவது போல. ஆனால் கால்? விரலிடுக்கைக் கிள்ளுவேன். ஒன்றுமில்லை. மறுநாள் கிள்ளுவேன். ஒன்றுமில்லை. கிள்ளிக் கிள்ளி அங்கே புண்ணாகிவிட்டது. ஒரு நாள் இடது காலின் நுனி விரல் இழுத்துக்கொண்டது போலிருந்தது. புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்தபோது அசையவில்லை. "அசஞ்சிருக்கும் புள்ள, நீ சொன்னா சரிதான்" என்றார். அந்த இரக்கம் எனக்கு ஆத்திரமாக வந்தது.

பக்கத்துக் காம்பராவில்தான் பேச்சு ஆரம்பித்தது. வாயில் எச்சில் வழிகிறது. பின்கால் விழுந்துவிட்டது. வெறி பிடித்த நாய்க்கு இப்படித்தான் கடைசியில் கால் விழும். லொறி மோதியதை ஊரே பார்த்தது. ஆனாலும் பயம் வந்துவிட்டால் பார்த்தது மறந்துபோகும். சுற்றிப் பிள்ளைகள் விளையாடுகிற லயம். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சந்தேகம் வந்த நாயைச் சுட்டுவிட வேண்டுமென்பது தோட்டத்துச் சட்டம்.

எங்கள் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை ஒரு நாள் காலையிலேயே வந்தார். பின்னால் துப்பாக்கியோடு தோட்டத்துக் காவல்காரர். லயம் முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது.

"ஏய் புள்ள, நாயக் கொண்டா வெளியே."

"வெறி இல்லீங்க ஐயா. லொறி அடிச்சது. டாக்டரு ஊசி போட்டிருக்காரு."

"மாட்டு டாக்டரு பசுவுக்கு வந்தாரா, ஒன் நாயிக்கு வந்தாரா? கத பேசாத. எச்சி வடியிதுன்னு சொல்றாங்க."

நான் பலகைக்குக் குறுக்கே நின்றேன். காவல்காரர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். அவருக்கும் இது பிடிக்கவில்லை என்று தெரிந்தது. பிடிக்காவிட்டாலும் சுடுவார் என்றும் தெரிந்தது. என் புருஷன் கை கட்டி நின்றார். டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லலாம், ரத்தம், அதிர்ச்சி, நரம்பு, வீக்கம்; யார் கேட்பார்கள்?

அப்போது படியேறி மாமியார் வந்தார், இடுப்பில் நிறைவாளி. கூட்டத்தைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. என்னை ஒரு கையால் தள்ளிவிட்டு, வாளியைப் பலகைக்குப் பக்கத்தில் டங்கென்று வைத்தார்.

நாய் முன்காலை ஊன்றி எழும்பித் தலையை வாளிக்குள் விட்டது. குடித்தது. லயம் பார்த்துக்கொண்டிருந்தது. குடித்தது. வாளியின் அடி தெரிகிற வரைக்கும் தலையை எடுக்கவில்லை. எடுத்தபோது மூக்கிலிருந்து தண்ணீர் சொட்ட, கணக்கப்பிள்ளையைப் பார்த்து ஒரு ஏப்பம் விட்டது.

"வெறி புடிச்ச நாயி தண்ணியக் கண்டா மெரண்டு ஓடுங்கிறாங்க" என்றார் மாமியார். "இது என் முதுக ஒடச்சுக்கிட்டுக் குடிக்கிது. இன்னொரு வாளி கொண்டாரவா, ஐயா? ஒங்களுக்குச் சந்தேகம் தீரணும்ல."

யாரோ சிரித்தார்கள். பிறகு நாலைந்து பேர். காவல்காரர் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. "வெறி இல்லேன்னே வச்சுக்குவோம். காலு இல்லாத நாயி லயத்துல கெடந்தா நாளைக்கு தொரை என்னையத்தான் கேப்பாரு. ஞாயித்துக்கெழமைக்குள்ள தோட்டத்த விட்டு வெளிய போயிரணும். இல்லேன்னா நான் மறுபடி வருவேன். அப்ப தண்ணி காட்டாதீங்க."

லயத்தின் பயத்தை அவர் இப்படித்தான் தீர்த்துவைத்தார். உயிர் தந்தார், இடம் தரவில்லை.

கொட்டகலை பஜாரில் என் அண்ணன் ஒரு கடையில் வேலை செய்தார். அங்கே தோட்டத்துத் துப்பாக்கி வராது. சொல்லி அனுப்பினேன், ஞாயிற்றுக்கிழமை வந்தார். என்னுடைய பழைய கொழுந்துக் கூடைக்குள் சாக்கு விரித்து நாயைச் சுருட்டி வைத்தோம். மாமியார் இரண்டு ரொட்டியைத் துணியில் கட்டி உள்ளே செருகினார். "வழியில பசிக்கும். ஊரையே தின்ன நாயி" என்றார். கூடைக்குள் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

ஹட்டன் ஸ்டேஷனுக்கு நானும் போனேன். புருஷன் கூடையைச் சுமந்து வந்தார். மேலே படங்கைப் போட்டு மூடியிருந்தோம்.

"ரயில் கார்ட்டு கேட்டா என்னான்னு சொல்லுவீங்க?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"முட்டைக்கோவான்னு சொல்லுவேன்."

"கோவா கொரைச்சா?"

"நுவரெலியாக் கோவா, அப்புடித்தான் இருக்கும்னு சொல்லுவேன்" என்றார் அண்ணன். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விட்டுவிட்டார். "நீயும் வந்துரு தங்கச்சி. கொஞ்ச நாளு இருந்துட்டு வாயேன்."

புருஷன் இரண்டு அடி தள்ளி நின்று தண்டவாளத்தைப் பார்த்தார். கூடைக்குள் கையை விட்டு இடுப்பைத் தடவினேன். வீக்கம் இல்லை. சுத்தமாக இல்லை. அந்த மருந்து தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டது. மிச்சம் நரம்பு சொல்ல வேண்டும், நரம்போ இன்னும் வாய் திறக்கவில்லை.

ரயில் வந்தது. அண்ணன் கூடையோடு ஏறிக் கதவோரமாக வைத்தார். மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்தேன்; கடைசியில் இருந்ததெல்லாம் அரையும் காலுமாக நானே கத்தியால் வெட்டியவை. விசில் ஊதியது. பெட்டி அசைந்தது.

படங்கு எழும்பியது. முதலில் மூக்கு. பிறகு முன்கால் இரண்டும் கூடையின் விளிம்பில். அது என்னைப் பார்த்தது, ரயில் நகர்வதைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. கூடை சாய்ந்தது. சாய்ந்த கூடையிலிருந்து அது இறங்கியது, இழுபட்டு அல்ல. பின்கால்கள் பெட்டியின் பலகையில் ஊன்றியிருந்தன. கள் குடித்தவன் கால் போல அகலமாக, நடுங்கி நடுங்கி, ஆனால் ஊன்றி. என்னிடம் வருவதற்காக அது எழுந்து நின்றது. அண்ணன் ஒரு கையால் கதவையும் ஒரு கையால் அதன் கழுத்தையும் பிடித்துக்கொண்டார். நான் பெட்டியோடு கூடவே நடந்தேன். பிறகு ஓடினேன். மேடை முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

"நிக்கிது தங்கச்சி, நிக்கிது" என்றார் அண்ணன். "மருந்த இனி நிப்பாட்டிரலாமா?"

"ஒரேயடியா நிப்பாட்டிராதீங்கண்ணே" என்றேன். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைக்கணுமாம். ஒடம்பு தாங்காதாம்."